அக்னி நட்சத்திரத்தில் கலை பார்க்க ஒரு நாள்: தஞ்சாவூரா, திருவாரூரா, தரங்கம்பாடியா?

கோடை விடுமுறைக்குக் கும்பகோணத்தில் வந்து தங்கியிருக்கும் ஒரு குடும்பம், ஊருக்குள் இருக்கும் கோயில்களைப் பார்த்து முடித்த பிறகு, ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு சிற்பம், ஓவியம், அருங்காட்சியகம் என்று பார்த்துவிட்டு, போகிற ஊரின் சாப்பாட்டையும் சாப்பிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தால், அதற்கு மூன்று திசைகள் இருக்கின்றன. மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் தஞ்சாவூர் இருக்கிறது. தென்கிழக்கே ஏறத்தாழ அதே தொலைவில் திருவாரூர் இருக்கிறது. கிழக்கே மயிலாடுதுறையைத் தாண்டி, மொத்தம் 65 கிலோமீட்டர் அளவுக்குப் போனால் கடலோரத்தில் தரங்கம்பாடி வருகிறது. தை மாதத்தில் இந்தக் கேள்வி எழுந்தால் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் நாள் நன்றாகவே போகும். சித்திரை பிற்பாதியிலும் வைகாசி தொடக்கத்திலும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

மே மாதம் 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி மூன்று வாரத்துக்கும் மேல் நீடிக்கும் அக்னி நட்சத்திர நாட்களில், டெல்டாவின் உள்பகுதியில் காலை பத்தரை மணிக்கே வெயில் உறைக்கத் தொடங்கிவிடுகிறது. அது மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் சற்று இறங்குகிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதிதான் திறக்கப்படுகிறது என்பதாலும், திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேர மேலும் சில நாட்கள் ஆகும் என்பதாலும், மே மாதத்தில் காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு எல்லாமே பெரும்பாலும் மணல் பரப்புகளாகத்தான் கிடக்கின்றன. வழியில் ஆற்றில் இறங்கிக் குளித்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளலாம் என்று யாராவது திட்டம் சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. ஆகவே இந்தப் பருவத்தில் மூன்று ஊர்களையும் ஒப்பிடும்போது, எங்கே கலை உயர்ந்தது என்று கேட்பதற்கு முன்னால், காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை தலைக்கு மேல் கூரையோடு பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பது நல்லது. அந்த ஐந்து மணி நேரத்தைச் சரியாக வைத்துவிட்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

இந்த அளவுகோலில் தஞ்சாவூர்தான் முன்னால் நிற்கிறது. அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் கலைக்கூடமும், அதே வளாகத்தில் சில நிமிட நடையில் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகமும் சேர்ந்தால், வெயில் நேரம் முழுவதற்கும் போதுமான பொருள் கூரைக்குக் கீழேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் நாளை எந்த வரிசையில் அமைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இந்த அனுகூலம் கிடைக்கும். முதன்முறை வருபவர்கள் பெரிய கோயிலில் நாளைத் தொடங்கி, அங்கே பத்தரை வரை நின்று, பிறகு பன்னிரண்டு மணிக்கு அரண்மனைக்குப் போவதைப் பார்க்கிறோம். கோயிலின் விரிந்த பிராகாரத்தில் கருங்கல் தளம் அந்த நேரத்துக்குள் கால் வைக்க முடியாத சூட்டுக்கு வந்துவிடுகிறது. பாதையில் விரிக்கப்பட்ட நார் விரிப்பை விட்டு ஓரடி விலகினாலும் துள்ளத்தான் வேண்டும். உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். களைத்துப்போய்க் கலைக்கூடத்துக்கு வரும்போது அங்கேயும் மதிய இடைவேளை குறுக்கிடலாம். எனவே பெரிய கோயிலை அந்த நாளிலிருந்து எடுத்துவிட்டு, அல்லது மாலை ஐந்து மணிக்குத் தள்ளிவிட்டு, காலையில் கலைக்கூடம் திறக்கும் நேரத்துக்கே அங்கே போய் நிற்பதுதான் சரி.

காலையிலேயே போகச் சொல்வதற்குக் கட்டடமும் ஒரு காரணம். நாயக்கர் காலத்தில் எழும்பி மராட்டியர் காலத்தில் விரிவடைந்த அந்த அரண்மனை, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட பருத்த சுவர்களும் உயர்ந்த வளைவுக் கூரைகளும் உடையது. இத்தகைய சுவர்களுக்குள் சூடு மெல்லத்தான் இறங்கும். அதனால் முற்பகலில் வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போது உள்ளே இரவின் குளுமை மிச்சமிருக்கும். பிற்பகலில் நிலைமை தலைகீழாகி, பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சுவர்கள் உள்ளே விடத் தொடங்கும். குளிரூட்டிய கூடங்களை எதிர்பார்த்துப் போகக் கூடாது. மின்விசிறிக்குக் கீழே நின்று பார்க்கிற இடம் அது. ஒன்பது மணிக்குள் உள்ளே போய்ப் பன்னிரண்டு மணிக்குள் நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

பார்ப்பதற்கு அங்கே இருப்பது, தமிழகத்தில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளோடு மட்டுமே ஒப்பிடத்தக்க ஒரு தொகுப்பு. அன்றைய மாவட்ட ஆட்சியர் டி. கே. பழனியப்பனின் முயற்சியில் 1951இல் நிறுவப்பட்ட இந்தக் கலைக்கூடத்துக்கு, அதே ஆண்டில் திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சோழர் காலத் திருமேனிகளே பெரும் புகழைத் தந்தன. அவற்றுள் இடபவாகனரை, ரிஷபவாகன தேவர் என்றும் சொல்வார்கள், மட்டும் பார்க்க 40 கிலோமீட்டர் போகலாம் என்பது என் கருத்து. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தத் திருமேனியில் சிவன் ஒரு காலைச் சற்றே மடித்து மற்றொரு காலின் குறுக்கே வைத்து, பாம்புகளோடு சுற்றிக் கட்டிய சடைமுடியோடு, வலக்கையை அருகில் நிற்கும் எருதின்மேல் சாய்த்திருக்கிறார். எருது இப்போது இல்லை, அது கிடைக்கவில்லை. வெற்றிடத்தின்மேல் ஊன்றிய அந்தக் கையைப் பார்ப்பவர் கண்ணுக்கு, இல்லாத எருதின் உயரமும் திமிலும் தெரிந்துவிடும்படி வார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் தேவி அடுத்த ஆண்டில், 1012இல், சேர்க்கப்பட்டவர். சிவன் உமையின் கைத்தலம் பற்றும் கல்யாணசுந்தரர் தொகுதியும், பிச்சாடனரும் திருவெண்காட்டிலிருந்து வந்தவையே. இந்த மூன்றையும் அவசரமில்லாமல் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும்.

கல் சிற்பங்களில் தாராசுரத்திலிருந்து கொண்டுவரப்பட்டவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். யானையை உரித்த மூர்த்தியின் உடல் முறுக்கிக்கொண்டு எழும் அந்தச் சிற்பத்தில், அருகில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதுங்கும் தேவியின் அச்சமும் சேர்த்துச் செதுக்கப்பட்டிருக்கிறது. பிச்சாடனரைக் கண்டு மயங்கி நிற்கும் ரிஷி பத்தினியரின் கூட்டமும் தாராசுரத்துக் கல்தான். கும்பகோணத்தில் தங்கியிருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள், தஞ்சாவூர் போகிற வழியிலேயே இருப்பதால், காலை ஆறரை மணிக்கு, கல் இன்னும் குளிர்ந்திருக்கும் நேரத்தில் அங்கே அரை மணி நேரம் நின்று விட்டுப் போகலாம். அப்படிப் போனால், சிற்பம் எந்த மாதிரியான தூணுக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது என்ற நினைவு மாறாமலேயே அரண்மனைக் கூடத்தில் அதைப் பார்க்க முடியும். தஞ்சாவூர் பாதைக்கு வேறு எந்தப் பாதைக்கும் இல்லாத பலமாக நான் கருதுவது இதைத்தான்.

அதே வளாகத்தில் நாயக்கர் தர்பார் மண்டபத்தில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியின் வெள்ளைச் சலவைக்கல் சிலை நிற்கிறது. இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செய்தது. சோழர் வார்ப்பைப் பார்த்துவிட்டு அதன் முன்னால் போய் நின்றால், உடலைப் பற்றிய இருவேறு எண்ணங்கள் ஒரே கூரைக்குக் கீழே நிற்பது புரியும். குழந்தைகளுக்கு இதிலெல்லாம் பெரிய ஈடுபாடு இருக்காது. அவர்களுக்கு, தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு அரண்மனைக்குள் இருப்பதைக் காட்டிவிட்டால் போதும். ஆயுத கோபுரத்தின் படிகளில் ஏறுவதை மட்டும் வேறு பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரஸ்வதி மகால் அருங்காட்சியகம் சிறியது. மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரத்துக்கு அதைப் போல் பொருத்தமான இடம் வேறு இல்லை. ஓலைச்சுவடிகளும் வண்ணப்படங்களோடு கூடிய ஏடுகளும் ஒருபுறம் இருக்க, மனித முகங்களை விலங்கு, பறவை முகங்களோடு இணைத்துக் காட்டும் சார்லஸ் லெ பிரனின் பிரெஞ்சு அச்சுப்படங்கள் அங்கே மாட்டப்பட்டிருக்கின்றன. கண்நோயாளிகளின் விவரங்களைக் கண்ணின் படத்தோடு எழுதிவைத்த சரபோசி காலத்துக் குறிப்புகள் இந்த நூலகத்துக்கே உரிய செல்வம். 1798 முதல் 1832 வரை ஆட்சியில் இருந்த ஓர் அரசர், ஆட்சி அதிகாரம் கையை விட்டுப்போன பிறகு எதையெல்லாம் வாங்கிச் சேர்த்தார் என்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

சாப்பாட்டு விஷயத்தில் தஞ்சாவூருக்குப் போகிறவர் கும்பகோணத்திலேயே தொடங்குவது நல்லது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, தேங்காயும் சோம்பும் கசகசாவும் அரைத்துவிட்ட கடப்பாவை இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கிடைத்தால் விடக் கூடாது. எல்லாக் கடைகளிலும் எல்லா நாளும் அது இருப்பதில்லை என்பதால் முந்தைய நாள் மாலையே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பித்தளை டவரா தம்ளரில் வரும் டிகிரி காபியோடு காலை உணவு முடிந்துவிடும். மதியத்துக்குத் தஞ்சாவூரில் வாழையிலைச் சாப்பாடு போடும் சைவ உணவகங்களும், சீரகச் சம்பா பிரியாணிக் கடைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வெயில் நாளில் காரில் திரும்ப வேண்டியவருக்கு என் ஓட்டு இலைச் சாப்பாட்டுக்குத்தான். சாம்பாரை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டு, பூசணிக் கூட்டு, வாழைத்தண்டு, ரசம், மோர் என்று போய், மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு முடித்தால் பிற்பகலில் கண் செருகாது. சாம்பாரே மராட்டியர் அரண்மனைச் சமையலறையில் பிறந்தது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள்; கதையாகக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. தஞ்சாவூர் மராட்டியர் வீடுகளின் ரசவாங்கியும், உளுத்தம்மாவைத் தயிரில் கரைத்துத் தாளிக்கும் டாங்கர் பச்சடியும் இந்த வெயிலுக்கென்றே உண்டானவை போல் இருக்கும். ஆனால் உணவகங்களில் அவை அரிதாகவே கிடைக்கின்றன. வீட்டு அழைப்பு இருந்தால்தான் உண்டு.

திரும்பும்போது வந்த வழியே பாபநாசம் பக்கம் வராமல், திருவையாறு போய், அங்கிருந்து கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம் வழியாகச் சுவாமிமலையைத் தொட்டுக் கும்பகோணம் வருவது நல்லது. தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆற்றை ஒட்டிய தோப்புகளின் நிழல் இந்தப் பாதையில் அதிகம். திருவையாற்றில் பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அசோகா அல்வாவைச் சுடச்சுட வாங்கிச் சாப்பிடலாம். அதை மாலை ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். மதிய வெயிலில் அந்த நெய் வயிற்றில் நிற்காது. இந்தப் பருவத்தில் சாலையோரத்தில் நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் விற்பவர்கள் இருப்பார்கள். நுங்கைக் கண்ணெதிரே சீவித் தருபவரிடம் வாங்குவது நல்லது. சித்திரையில் ஏழூர் பல்லக்குத் திருவிழா நடக்கும் நாட்களில் மட்டும் திருவையாற்றுச் சாலையைத் தவிர்க்க வேண்டும். அன்று கார் நகராது.

திருவாரூர் பாதையின் பலம் வேறு விதமானது. அங்கே தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்துக் கூரையில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை 17ஆம் நூற்றாண்டில் வரையப்பட்டிருக்கிறது. இந்திரனிடமிருந்து தியாகராசரை முசுகுந்தன் திருவாரூருக்குக் கொண்டுவந்த வரலாற்றை, ஊர்வலமும் வாணவேடிக்கையும் இசைக்கலைஞர்களுமாகப் பட்டை பட்டையாகப் பிரித்து, படத்துக்குப் படம் தமிழில் விளக்கம் எழுதிச் சொல்கிறது அந்த ஓவியம். வரைந்தவர் சிங்காதனம் என்ற பெயர் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கோயில் ஓவியர் ஒருவர் தம் பெயரை விட்டுச் சென்றிருப்பது அரிது. டெல்டாவின் ஓவியங்களில் எதையாவது ஒன்றை மட்டும் காட்ட வேண்டுமென்றால் நான் இதைத்தான் காட்டுவேன். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பொதுவாக எல்லோரும் போய்ப் பார்த்துவிட முடியாது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

ஆனால் இது அருங்காட்சியகம் அன்று. கழுத்தை அண்ணாந்து, மங்கிய வெளிச்சத்தில், நின்றபடியே பார்க்க வேண்டியது. மண்டபம் பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் அரை மணி நேரத்தில் சோர்ந்துவிடுவார்கள். கோயில் வளாகத்துக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம் சிறியது; அதை மட்டும் நம்பி உச்சிவேளையைக் கடத்த முடியாது. ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி’ என்று, வேலி என்ற பழைய நில அளவில், பெருமையாகச் சொல்லப்படும் அந்தப் பரப்பு, மே மாதத்தில் வெறுங்காலோடு கடக்க வேண்டிய ஐந்து வேலியாக மாறிவிடுகிறது. ஆக, காலை ஏழு மணிக்கு அங்கே இருந்து ஒன்பதரைக்குள் வெளியேறுபவருக்கே திருவாரூர் இன்பமாக இருக்கும். பத்து மணிக்கு மேல் போய்ச் சேர்பவர் ஓவியத்தைவிட நிழலையே அதிகம் தேடுவார்.

அப்படி அதிகாலையில் போகத் துணிந்தவர்களுக்குத் திரும்பும் வழி ஒரு வெகுமதி தருகிறது. குடவாசல் பாதையில் வந்தால், கும்பகோணத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் முன்னால் நாச்சியார்கோயில். குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். அடித்தட்டு, தண்டு, அகல், உச்சிப் பிரபை என்று தனித்தனியாக வார்த்துக் கடைந்து திருகிச் சேர்க்கும் பட்டறைகளை நிழலில் நின்று பார்க்கலாம். மற்றொரு வழியாக நீடாமங்கலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தால் பால்திரட்டு கிடைக்கும். பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டிய அந்த இனிப்பை அங்கேயே சாப்பிட்டுவிடுவது நல்லது, காரின் சூட்டில் நெடுநேரம் வைத்திருக்கத் தாங்காது. மதியச் சாப்பாட்டைப் பொறுத்தவரை திருவாரூர் தஞ்சாவூருக்கு ஈடாகாது. கும்பகோணத்துக்கே திரும்பிவந்து சாப்பிடுவதில் இழப்பு ஒன்றும் இல்லை.

தரங்கம்பாடியைத் தேர்வு செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களைச் சொல்வார்கள்: கடல்காற்று, மீன் சாப்பாடு. இரண்டையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறி, அதன்மேல் உள்ள காற்று எழும்பும்போது கடலிலிருந்து காற்று உள்ளே வீசுகிறது. இது முற்பகலில் தொடங்கிவிட்டால் கடற்கரை ஊர்கள் தஞ்சாவூரைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே இருக்கும். மே கடைசியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வலுக்கத் தொடங்கிய பிறகு, அது கடல்காற்றைத் தடுத்துப் பிற்பகல் வரை உள்ளே விடாமல் வைத்திருப்பது உண்டு. அத்தகைய நாளில் கடற்கரையில் வெப்பமும் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும், வியர்வை காயாது. வெப்பமானி காட்டும் எண் குறைவாக இருந்தாலும் உடம்புக்கு அது தஞ்சாவூரைவிடக் கடினமாகவே தெரியும்.

மீனைப் பொறுத்தவரை பருவமே எதிராக இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன் மட்டுமே புதிதாகக் கிடைக்கும். வரத்து குறைவு, விலை அதிகம். கோடை விடுமுறையும் தடைக்காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருவதால், ‘கடலோரத்துக்குப் போனால் நல்ல மீன் சாப்பிடலாம்’ என்ற கணக்கு ஆண்டின் வேறு எந்த மாதத்தையும்விட மே மாதத்தில்தான் அதிகம் பொய்க்கிறது. உணவகத்தில் உட்கார்ந்ததும், இன்று வந்த மீன் என்ன என்று கேட்டு, நாட்டுப்படகில் வந்த சிறு மீனாகப் பார்த்துச் சொல்வதுதான் அறிவு. இன்னும் சற்றுத் தெற்கே நாகூர் வரை போகத் தயாராக இருப்பவர்களுக்கு, மாலையில் இறால் வைத்துச் சுடும் வாடாவும் தம்ரூட் என்ற இனிப்பும் இருக்கின்றன. ஆனால் நாகூரையும் சேர்த்துக்கொண்டால் ஒரு நாள் பயணம் இரவு வரை நீண்டுவிடும்.

தரங்கம்பாடியில் பார்ப்பதற்கு இருப்பது சரியாகச் சொன்னால் கலையைவிட வரலாறு. 1620இல் தஞ்சை நாயக்கர் இரகுநாதரோடு உடன்பாடு செய்துகொண்டு டேனியர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையும், அதற்குள் இருக்கும் அருங்காட்சியகமும், 1706இல் வந்து இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கின் நினைவாக அவர் வாழ்ந்த வீட்டில் அமைந்துள்ள காட்சியகமும், 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயமும் ஒரே தெருவை ஒட்டி இருக்கின்றன. தமிழ் அச்சின் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு சீகன்பால்க் வீடு முக்கியமானது. புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு அச்சேறிய ஊர் அது. 1845இல் டேனியர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன பிறகு பெரிதாக வளராமல் நின்றுபோனதால் தெரு அப்படியே இருக்கிறது. ஆனால் செப்புத் திருமேனியையோ ஓவியத்தையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர் இங்கே ஏமாறுவார். இடபவாகனர் கிடைத்த திருவெண்காடு இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இடபவாகனர் இருப்பதோ மேற்கே. பூம்புகாரில் 1973இல் திறக்கப்பட்ட எழுநிலை மாடச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் இந்தப் பாதையோடு சேர்க்கலாம். ஆனால் போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

அதனால் தரங்கம்பாடியைத் தஞ்சாவூருக்குப் போட்டியாக ஒரு முழு நாள் பயணமாக வைப்பதைவிட, அரைநாள் பயணமாக வைப்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன். காலையைக் கும்பகோணத்தில் வீட்டிலேயே கழித்து, மதியம் சாப்பிட்டு, ஒன்றரை மணிக்குக் கிளம்பினால், வெயிலின் உச்சத்தைக் குளிரூட்டிய காருக்குள் கடந்து மூன்றரைக்குள் கோட்டைக்குப் போய்விடலாம். ஐந்து மணிக்கு மேல் கடற்கரையில் இருக்கலாம். திரும்பும் வழியில் மயிலாடுதுறையில் காளியாகுடி ஓட்டலில் மாலைக் காபியும் டிபனும் வைத்துக்கொண்டால் கடலோரத்தில் உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு இந்தப் பயணம் மற்ற இரண்டையும்விடப் பிடிக்கும் என்பதையும் மறுக்க முடியாது.

எங்கும் நெடுந்தூரம் போகாமல், சுவாமிமலையோடு நாளை முடித்துக்கொள்ளும் வழியும் ஒன்று இருக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவத்தை முதலில் மெழுகில் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பல முறை பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் கன வார்ப்பு முறை அங்கே இன்றும் நடக்கிறது. அளவுக்குத் தென்னை ஓலையை மடித்துப் பயன்படுத்தும் வழக்கமும் மறையவில்லை. உலை எரியும் பட்டறையில் மே மாதத்தில் நிற்பது எல்லோருக்கும் முடியாது என்றாலும், மெழுகு வேலையும் அரம் போடும் வேலையும் நடக்கும் இடங்களைக் காலை எட்டு மணிக்குள் பார்த்துவிடலாம். இதைத் தஞ்சாவூர்ப் பயணத்தின் மாலையில் ஒட்டவைப்பவர்கள் உண்டு; அந்த நேரத்துக்குக் கண்ணும் காலும் ஓய்ந்துவிடுவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மாறாக, தஞ்சாவூருக்குப் போவதற்கு முந்தைய காலையில் சுவாமிமலையைப் பார்த்துவிட்டால், மறுநாள் இடபவாகனரின் முன் நிற்கும்போது, வார்ப்புக்குப் பின் உளியும் அரமும் எங்கெங்கே பட்டிருக்கும் என்று தேடத் தோன்றும்.

ஆகவே முதல்முறை வருபவர்களும், வயதானவர்களோடு வருபவர்களும், கலைக்காகவே வருபவர்களும் தஞ்சாவூரையே தேர்ந்தெடுக்கலாம். தஞ்சாவூரை முன்பே பார்த்தவர், விடியற்காலையில் எழக்கூடியவர், ஓவியத்தில் ஈடுபாடு உள்ளவர் என்றால் திருவாரூருக்குப் போகலாம். பிள்ளைகள் அதிகம் உள்ள வீட்டுக்குத் தரங்கம்பாடியின் அரைநாள் போதும்.

கிழமையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். திருவாரூரில் உள்ளது போன்ற அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் தஞ்சாவூருக்கு மாற்று இல்லை. சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை வழக்கம் என்பதால், அன்று தஞ்சாவூர் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் உள்ள நேரத்துக்கு, பழைய ஆட்சியர் அலுவலகக் கட்டடத்தில் அமைந்துள்ள தஞ்சாவூர் அருங்காட்சியகத்தையோ, 1995ஆம் ஆண்டு எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கட்டப்பட்ட மணிமண்டபத்தில் உள்ள இராசராசன் அருங்காட்சியகத்தையோ வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் உடன் வந்தால் முதலாவது பொருத்தமாக இருக்கும்.